கல்லீரல் டாக்டருக்கு டேட்டாவோடு உட்காரவும் நேரம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லீரல் மருத்துவம் படித்த ஒரு டாக்டர் வாரத்தில் சில நாள் ஓபியில் நோயாளிகளைப் பார்க்கிறார், மீதி நாளில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பேருடைய ரத்தப் பரிசோதனை விவரங்களை அலசுகிறார் என்று சொன்னால், "வெளியே வரிசை நிற்குது, இவருக்கு எதுக்குக் கணக்கு வேலை?" என்று கேட்பவர்கள்தான் நம் ஊரில் அதிகம். அந்தக் கணக்கும் வைத்தியம்தான் என்று நான் நம்புகிறேன்.

கல்லீரல் மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களில் யாருக்கு முதலில் உறுப்பு கொடுப்பது? அமெரிக்காவில் 2002 முதல் இதற்கு மெல்டு என்ற மதிப்பெண்ணைப் பயன்படுத்துகிறார்கள். ஆரம்பத்தில் மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ரத்தம் உறைவதைக் காட்டும் ஐ.என்.ஆர். ஆகிய மூன்று பரிசோதனை அளவுகளையும் சூத்திரத்தில் போட்டார்கள். 6 முதல் 40 வரை ஒரு எண் வரும், எண் ஏற ஏற அடுத்த மூன்று மாதத்தில் உயிருக்கு ஆபத்து அதிகம். அதற்கு முன்பெல்லாம் வயிற்றில் எவ்வளவு நீர் கோத்திருக்கிறது, நினைவு எவ்வளவு தடுமாறுகிறது என்று டாக்டர் பார்த்துப் போட்ட மதிப்பெண்ணுக்கும், எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறார் என்பதற்கும்தான் அதிக மதிப்பு. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் பேட்ரிக் காமத் போன்ற கல்லீரல் மருத்துவர்களும் புள்ளியியல் படித்தவர்களும் சேர்ந்து உட்கார்ந்ததால்தான் 2000-ல் இந்தச் சூத்திரம் பிறந்தது.

ஆனால் அதில் பெண்களுக்கு ஒரு அநியாயம் ஒளிந்திருந்தது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. பெண்களுக்குத் தசை குறைவு என்பதால் சிறுநீரகம் ஆண்களுக்குக் கெட்ட அளவு கெட்டிருந்தாலும் அந்த எண் குறைவாகத்தான் காட்டும், அதனால் மெல்டும் குறையும், வரிசையில் பின்னால் தள்ளப்படுவார்கள், காத்திருக்கும்போதே இறந்துபோகும் வாய்ப்பும் ஆண்களைவிட அவர்களுக்குத்தான் கூடுதல். ரே கிம் என்ற கல்லீரல் மருத்துவரும் அவருடைய குழுவும் 2021-ல் வெளியிட்ட மெல்டு 3.0 என்ற புதிய சூத்திரத்தில் பெண்களுக்கு 1.33 மதிப்பெண் கூடுதலாக வைத்து, ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவையும் சேர்த்தார்கள். 2023-ல் அது நடைமுறைக்கு வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, ஒரு பெண்ணாக எனக்கு இதை நினைத்தால் வயிறு எரிகிறது. பெண்கள் அதிகமாக இறக்கிறார்கள் என்பதைக் கம்ப்யூட்டர் காட்டிவிடும். அதற்கு மெலிந்துபோன கையும் காலும் காரணமாக இருக்கலாம் என்று யோசிக்க, வார்டில் அந்த உடம்புகளைத் தொட்டுப் பார்த்த ஒருவர் வேண்டும்.

நோயாளிகளின் விவரங்களை வைத்து ஆராய்வதற்கு நம் ஊரிலும் முன்கதை உண்டு. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடிக்காத குடும்பம் இங்கே குறைவு. சென்னையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் எஸ்.பி. தியாகராஜனும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் வாங்கிய அமெரிக்க விஞ்ஞானி பிளம்பெர்க்கும் மற்றவர்களும் சேர்ந்து 1988-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இந்த வைரஸ் உடம்பில் இருந்தவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. சில டஜன் பேரை வைத்துச் செய்த ஆய்வு எங்கே வழுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆயிரக்கணக்கானவர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தால்தான் இது போன்ற கேள்விகளுக்கு உறுதியான பதில் கிடைக்கும், அதற்கு வேண்டிய நோயாளிகள் கூட்டம் சென்னையில் தினமும் நிற்கிறது.

என் அண்ணனுக்கு லிவர் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். குடியே கிடையாது, சர்க்கரையும் ஃபேட்டி லிவரும்தான். நாங்கள் போகும் மருத்துவமனையில் டாக்டர்கள் நல்லவர்கள், மூச்சுவிட நேரமில்லாமல் பார்க்கிறார்கள். ஆனால் அவருடைய ரிப்போர்ட் எல்லாம் எங்கள் வீட்டு மஞ்சப்பையில்தான் இருக்கிறது, அங்கே எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறவில்லை. அண்ணன் நாளைக்குப் போவதை நிறுத்திவிட்டால் குணமாகிவிட்டாரா, ஊரை விட்டுப் போய்விட்டாரா, இறந்துவிட்டாரா என்று மருத்துவமனை ஏட்டைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. இப்படித் திரும்பி வராதவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் எந்த முடிவை நம்புவது?

அமெரிக்க நோயாளிகளை வைத்துச் செய்த சூத்திரம், நோய் முற்றிய பிறகு பஸ் பிடித்து வரும் நம் ஆட்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை நம் டாக்டர்கள்தான் நம் நோயாளிகளின் விவரங்களை வைத்துச் சொல்ல வேண்டும். கற்றுக்கொள்ள வழியும் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-லேயே டேட்டா சயன்ஸ் பட்டப்படிப்பை ஆன்லைனில் கொண்டுவந்துவிட்டது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் இங்கேதான் இருக்கிறது. டாக்டரிடம் இல்லாதது நேரம். டியூட்டி முடிந்து ராத்திரி பதினோரு மணிக்கு மேல் சொந்த லேப்டாப்பில் செய்தால் எத்தனை பேர் தாக்குப்பிடிப்பார்கள்?

அதனால் சுகாதாரத் துறையிடம் நான் கேட்பது இதுதான். அரசு மருத்துவமனைகளில் கல்லீரல் பிரிவில் சில பணியிடங்களையாவது பாதி வார்டு, பாதி ஆராய்ச்சி என்று ஒதுக்குங்கள். அந்தப் பாதி நேரத்தையும் டியூட்டியாகக் கணக்கில் எடுத்து, பதவி உயர்வுக்கும் சேருங்கள். ரிப்போர்ட்டுகளைப் பதிய ஒரு டேட்டா என்ட்ரி ஆளைப் போடுங்கள், அந்த வேலையையும் டாக்டர் தலையில் கட்டாதீர்கள். பெயர், முகவரியை நீக்கிய பிறகுதான் விவரம் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும், நோயாளியிடம் தமிழில் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். அண்ணனிடம் கேட்டேன், தன்னுடைய விவரங்களைத் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை