கூரைமேல் கீரைத் தொட்டி

அன்புள்ள தேவி,

நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் கொஞ்சம் வலிக்கிறது, கவலைப்படும்படி ஒன்றுமில்லை. இங்கிலாந்தில், இப்போது ஹோட்டலாக இருக்கும் தார்ன்பரி கோட்டையில் எங்களுக்குக் கோபுர அறை கிடைத்தது. சுழன்று சுழன்று ஏறும் குறுகலான கல் படி. இரண்டு நாளும் அதில் ஏறி இறங்கியதுதான் காரணம். நீ எப்போதாவது வந்தால் அத்தையைக் கூட்டி வராதே, அவளால் முடியாது.

அந்தக் கோட்டையைக் கட்டியவர் பக்கிங்காம் டியூக் எட்வர்ட் ஸ்டாஃபோர்ட். வேலை முடிவதற்குள் மன்னர் எட்டாம் ஹென்றிக்கு அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ராஜத்துரோகம் என்று சொல்லி 1521 மே மாதம் தலையை வெட்டி, கோட்டையையும் எடுத்துக்கொண்டார். 1535-இல் தன் இரண்டாவது மனைவி ஆன் பொலினோடு வந்து பத்து நாள் அங்கே தங்கியிருக்கிறார். அடுத்த மே மாதம் அந்த ஆனுக்கும் அதே கதி. ராத்திரி சாப்பாடு முடிந்து, கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டி அம்மாள் இதைச் சொன்னார். காலையில் வெளியே வந்து பார்த்தால், டியூக் முடிக்காமல் விட்ட சுவர்கள் கூரை ஏறாமல் அப்படியே நிற்கின்றன. ஐந்நூறு வருஷமாக! எனக்குத் தொண்டை அடைத்தது.

நடுவில் ஒரு பகல் வேல்ஸில் உள்ள பவிஸ் கோட்டைக்குப் போனோம். ராபர்ட் கிளைவ் குடும்பம் இந்தியாவிலிருந்து கொண்டுபோனவை ஆயிரத்துக்கும் மேல் அங்கே இருக்கின்றன. திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் ஆங்கிலேயரிடம் விழுந்த 1799-இல் கிளைவின் மகன்தான் சென்னை கவர்னர். திப்பு சுல்தானின் கூடாரம் அப்படித்தான் இந்தக் குடும்பத்தின் கைக்கு வந்தது. அதைத் தோட்ட விருந்துக்குப் பந்தலாகப் போட்டார்களாம். அப்பா வண்டியில் ஏறிய பிறகும் வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இப்போது இருப்பது அய்ல்ஸ்பரி பக்கம், ஹார்ட்வெல் மாளிகை. இதுவும் ஹோட்டல்தான். இதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியைப் புரட்சிக்காரர்கள் 1793-இல் கொன்றார்கள் அல்லவா, அவருடைய தம்பி பதினெட்டாம் லூயி நாடு நாடாக அலைந்து, கடைசியில் 1809-இல் இந்த வீட்டை வாடகைக்கு எடுத்தார். கூட வந்தவர்கள் நூறு பேருக்கு மேல். இவ்வளவு பெரிய வீடும் போதாமல், அறைகளைத் தடுத்துத் தடுத்துக் குடியிருந்தார்கள். கூரைமேல் கூண்டு வைத்து முயலும் கோழியும் வளர்த்தார்கள். தொட்டிகளில் காய்கறியும் சமையலுக்கு வேண்டிய தழைகளும் போட்டார்கள். அரண்மனையில் இருந்தவர்கள், தேவி! ராணி ஊர் திரும்பாமலே 1810-இல் கண்ணை மூடினார். மன்னருக்கு 1814-இல்தான் நாடு திரும்பக் கிடைத்தது. கீழே இருக்கும் நூலகத்தில்தான் அரியணை ஏறும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாராம். அங்கே இன்று மாலை தேநீர் குடித்தோம்.

எல்லோரும் நூலகத்தைப் பற்றியே கேட்டார்கள். நான் மட்டும் அந்தக் கூரைத் தொட்டிகளைப் பற்றி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். டொரண்டோவில் உன் பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டி கண் முன்னாலேயே நின்றது. ஒரு இணுக்கு கிள்ளும்போது கூட உனக்கு மனசு வராது என்று மாப்பிள்ளை சொல்வாரே. இவர்களும் அப்படித்தான் பார்த்துப் பார்த்து வளர்த்திருப்பார்கள்.

இந்த ஹோட்டல் 2008-இல் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு நன்கொடையாகப் போய்விட்டது. தங்குகிறவர்களிடம் கிடைக்கும் லாபமும் அங்கேதான் போகிறது. செலவு அதிகம்தான், ஆனாலும் நீ அனுப்பிய பணம் நல்ல இடத்துக்குப் போயிருக்கிறது என்று எனக்கு நிறைவு.

சரி, அக்டோபர் வந்தாயிற்று. செடியை உள்ளே எடுத்து வைத்துவிட்டாயா? போன குளிரில் இலையெல்லாம் கொட்டிவிட்டது என்றாய். தண்ணீரைக் குறைத்து, வெயில் வரும் ஜன்னல் பக்கம் வை.

அன்புடன்,
அம்மா