ஆய்வு அறிக்கையைக் கடை வாசலில் ஒட்டச் சொல்லுங்கள்: உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனதை உங்களுக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை. அதன்பின் நடந்த சோதனைகளையும் அறிவீர்கள். கெட்ட இறைச்சியைப் பறிமுதல் செய்கிறார்கள், அழிக்கிறார்கள், மறுநாள் பேப்பரில் படம் வருகிறது. அந்தக் கடையில் என்ன குறை, அது சரியானதா என்பது மட்டும் அங்கே சாப்பிடப் போகிறவருக்குத் தெரிவதில்லை. சுவரில் இருக்கும் 14 இலக்க உரிம எண், கடை நடத்த அனுமதி உண்டு என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது.

ஷவர்மாவையே எடுத்துக்கொள்வோம். கம்பியில் குத்திய கோழியின் வெளிப்புறம்தான் அனலில் வேகும். வெந்த அளவுக்குத்தான் சீவ வேண்டும். கூட்டம் நெருக்கினால், வேகுமுன்பே கத்தி உள்ளே இறங்கிவிடுகிறது. ஆள் வராத நாளில் அடுப்பைத் தணித்து வைப்பார்கள். உள்ளடுக்கு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே மணிக்கணக்கில் கிடக்கும். கிருமி பெருகுவது அங்கேதான். மீந்ததை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் புதுக்கறியோடு குத்தினால், நேற்றைய கிருமி இன்றைய கறிக்கும் ஏறும். சில கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. முகர்ந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. தெர்மாமீட்டரைச் செருகிப் பார்க்கும் உங்கள் அலுவலருக்குத்தான் தெரியும். அவர் குறித்த எண்ணோ கோப்புக்குள் போய்விடுகிறது.

அந்த அறிக்கையை வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் போதும்: ஆய்வுத் தேதி, ஆய்வுப் பட்டியலின் மொத்தம் 114-க்குக் கடை பெற்ற மதிப்பெண், கறியின் உள்வெப்பம், ஃபிரிட்ஜின் வெப்பநிலை, எண்ணெயில் மொத்த போலார் சேர்மம் (திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்) 25 சதவீதத்தைத் தாண்டியதா, குறையைச் சரிசெய்யச் சொல்லி உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவில் நோட்டீஸ் போனதா, மறுஆய்வு என்றைக்கு.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாமே என்பார்கள். பசியோடு நிற்கும் பிள்ளைக்கு 30 நாள் கழித்து வரும் பதில் எதற்கு? கேட்காமலே வெளியிடச் சொல்கிறது அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு. உணவகங்களுக்குச் சுகாதாரத் தரமதிப்பீடு (ஹைஜீன் ரேட்டிங்) இருக்கிறதே என்றால், அது விரும்பிய கடைகள் விண்ணப்பித்து வாங்குவது. பயப்பட வேண்டிய கடை விண்ணப்பிக்காது. நியூயார்க் நகரில் 2010 முதல் ஆய்வுத் தரத்தை வாசலில் மாட்டியாக வேண்டும். வேல்ஸில் 2013 முதல் கட்டாயம். 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸைத் தடைசெய்ய முடிந்த அரசுக்கு, ஒரு தாளை ஒட்டவைப்பது பெரிய வேலையா?

எல்லா உணவகங்களிலும் உடனே முடியாவிட்டால், ஷவர்மா, கிரில், பொரித்த கோழிக் கடைகளிலாவது முதலில் தொடங்குங்கள். கடைசி ஆய்வின் அறிக்கை, வாசலில், தமிழில் இருக்கும்படி உத்தரவிட வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உணவகச் சுகாதாரப் பயிற்சி அளிப்போர் சிலர்