வாசல் மந்தாரையை வெட்டிவிடாதீர்கள்

தோட்டக் குழுவினருக்கு வணக்கம்.

வாசல் ஓரத்து மந்தாரையை இந்த வாரக் கடைசியில் அடியோடு வெட்டப்போவதாக அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். தயவுசெய்து வேண்டாம். காற்றில் பெரிய கிளை முறிந்து, சரிந்த வேகத்தில் தண்டின் பட்டையையும் பெயர்த்துவிட்டது உண்மைதான். பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. ஆனால் அது பட்டுப்போன மரம் இல்லை.

நேற்றுக் காலை கிட்டப் போய்ப் பார்த்தேன். மிச்சமிருக்கும் கிளைகளில் ஏழெட்டு இடத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டினேன். அத்தனை இடத்திலும் ஈரப் பச்சை. பிறகு நூல் பிடித்து அளந்தேன். தண்டின் சுற்றளவு 84 செ.மீ., அதில் பட்டை போன அகலம் 17 செ.மீ. கால் பங்குகூட இல்லை. இலை தயாரிக்கும் உணவு பட்டையின் உட்பக்கம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் உரிந்திருந்தால் வேர் பட்டினி கிடந்தே மரம் செத்துவிடும். இங்கே பெரும்பகுதி வழி திறந்தேதான் இருக்கிறது. அடிமரம் நெடுகப் பிளந்திருந்தாலோ, வேர் மண்ணைக் கிளப்பியிருந்தாலோ, ஆட்கள் நடமாடும் இடமாயிற்றே என்று நானே வெட்டச் சொல்லியிருப்பேன். இரண்டும் இல்லை.

காயத்தில் சிமெண்ட் பூசலாம், தார் அடிக்கலாம் என்றும் பேச்சு வந்தது. அதுவும் கூடாது. மரத்தின் காயம் நம் தோல்போல ஆறுவதில்லை. கெட்ட பகுதியை உள்ளுக்குள்ளேயே தடுப்புப் போட்டு ஒதுக்கிவிட்டு, ஓரத்திலிருந்து புதுத் திசுவை வளர்த்து மூடிக்கொள்கிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து 1970-களில் விளக்கியது இது. மேலே எதையாவது பூசினால் ஈரம் உள்ளே தங்கி, அழுகலுக்குத்தான் வசதியாகும். தொங்கும் பட்டையை மட்டும் கூர்மையான கத்தியால் சீவிவிட்டு, காயத்தைக் காற்றாட விட்டால் போதும்.

முறிந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மொட்டைத் துண்டை அறுத்தாக வேண்டும். ஆனால் தண்டோடு ஒட்ட அறுக்கக் கூடாது. கிளை தண்டில் சேரும் இடத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு புடைப்பு தெரிகிறதே, காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் கிளம்பும். அதற்குச் சற்று வெளியே ரம்பம் வைக்கச் சொல்லுங்கள். அடிப்பக்கம் முதலில் கொஞ்சம் அறுத்துக்கொண்டால், கனத்தில் பட்டை கிழியாது.

வடிவம் ஒத்துவர வேண்டும் என்று மற்றக் கிளைகளையும் கழிக்க வேண்டாம். இப்போது அதற்கு ஒவ்வொரு இலையும் சோறு. உரமும் இப்போதைக்குத் தேவையில்லை. அடியில் காய்ந்த இலைகளை மூன்று அங்குலத்துக்கு மூடாக்காகப் பரப்பி, தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி நிறுத்தினால் ஈரம் காக்கும்.

நான் கேட்பது, அடுத்த பூப்பு முடியும் வரை அவகாசம். தண்ணீர் ஊற்றுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். கவாத்து தெரிந்த ஒருவரை மட்டும் குழு சார்பில் அழைத்து, வெட்டும் வேலையை நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
மந்தாரைக்கு எதிர்வீட்டில் குடியிருப்பவர்