அந்தப் பை யாருக்குப் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழின் கல்வி, வேலைவாய்ப்புப் பகுதியில், ஸ்டெம் செல் துறையில் புதிய பட்டதாரிகளுக்கு இருக்கும் வாய்ப்புகள் குறித்து வெளியான கட்டுரையைப் படித்தேன். பிற வகைச் செல்களாக வளரக்கூடிய இந்த மூலச் செல்லுக்குக் குருத்தணு என்ற நல்ல தமிழ்ச் சொல் இருந்தாலும் ஆய்வகத்துக்குள் நாங்கள் ஸ்டெம் செல் என்றே பேசிப் பழகிவிட்டதால், இக்கடிதத்திலும் அதையே கையாள்கிறேன். சென்னையிலுள்ள ஒரு மருத்துவமனையில், நோயாளிக்கு ஏற்றும் செல்களைப் பையில் தயாரித்துத் தரும் செல் பதப்படுத்தும் ஆய்வகத்தில் பதின்மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கட்டுரையில் பெரிய பிழை எதுவும் இல்லை. ஆனால் பயோடெக் படித்துவிட்டு முதல் வேலை தேடும் ஒரு பெண்ணோ பையனோ முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதில் இல்லை.

ஷின்யா யமனாகா முதிர்ந்த செல்லைக் குருத்து நிலைக்குத் திருப்பிக் காட்டி, 2012ஆம் ஆண்டின் நோபல் பரிசை ஜான் கர்டனுடன் பகிர்ந்துகொண்டதிலிருந்து கட்டுரை தொடங்குகிறது. படிக்க உற்சாகமாகத்தான் இருக்கிறது. எனினும் அந்த ஆராய்ச்சிக்குள் நுழைய முனைவர் பட்டம் வரை படிக்க வேண்டும், எம்.எஸ்சி. முடித்த கையோடு கிடைக்கும் வேலை அதுவல்ல. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தனியே அனுமதித்த ஓரிரு தயாரிப்புகள் நீங்கலாக, இன்று நம் நாட்டில் வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்பட்டிருப்பது, ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களை நோயாளிக்கு ஏற்றும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை மட்டுமே. பிற நோய்களுக்கு அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனையின் பகுதியாகவே ஸ்டெம் செல்லைத் தரலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986இல் தொடங்கிய இந்த மாற்று சிகிச்சை இப்போது சென்னையிலும் பல மருத்துவமனைகளில் நடக்கிறது. தொடக்கநிலை வேலைகளில் பெரும்பகுதி அதைச் சுற்றித்தான் இருக்கிறது.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. படிப்பை முடித்ததும் 'ஸ்டெம் செல் ஆலோசகர்' என்ற பதவிப் பெயருடன் ஒரு தனியார் நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் பெருமை. வேலை என்னவென்றால், மகப்பேறு மருத்துவமனைகளின் வாசலில் காத்திருந்து, ஏழாம் மாதம் நடக்கும் பெண்களிடமும் உடன் வந்த மாமியார்களிடமும் ஸ்டெம் செல்கள் உள்ள தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கும் திட்டத்தை விற்பது. மாதம் எத்தனை குடும்பங்கள் கையெழுத்திட்டன என்பதை வைத்தே எங்கள் சம்பளம் அமைந்தது. பிறவியிலேயே மரபணுக் கோளாறுள்ள குழந்தைக்கு அதன் சொந்தத் தொப்புள்கொடி ரத்தம் பெரும்பாலும் பயன்படாது, ஏனெனில் அதே கோளாறு அந்தச் செல்களிலும் இருக்கும் என்ற எளிய உண்மையைக்கூட நாங்கள் சொல்லக் கூடாது. எதிர்காலத் தேவைக்கென்று சொந்தக் குழந்தையின் ரத்தத்தைச் சேமிப்பதை நம் நாட்டு நெறிமுறைகள் ஊக்குவிப்பதில்லை என்பதை நானே பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். எட்டு மாதங்களில் வெளியேறினேன். அந்த எட்டு மாதங்களில் ஒரு நுண்ணோக்கியைக்கூட நான் தொட்டதில்லை.

ஆகவே நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் சம்பளத்தையும் பதவிப் பெயரையும் விசாரிக்கும் முன், 'இங்கே தயாராகும் செல் பை யாருக்குப் போகிறது?' என்று கேட்க வேண்டும் என்பேன். இன்ன நோய்க்கு, இன்ன வார்டில், இன்ன நோயாளிக்கு என்று பதில் வந்தால் அது கற்றுக்கொள்ள ஏற்ற இடம். மருத்துவப் பரிசோதனை என்று சொன்னால் அதன் பதிவு எண்ணைக் கேட்கலாம். 2009 ஜூன் மாதத்திலிருந்து இத்தகைய பரிசோதனைகளை இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயம், யார் வேண்டுமானாலும் அதில் தேடிப் பார்க்கலாம். இரண்டுமில்லாமல் மழுப்பினால் எழுந்து வந்துவிடுவது நல்லது.

சரியான இடத்தில் சேர்ந்துவிட்டால், முதல் ஆண்டின் வேலை வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சலிப்பாகத் தெரியும். கொடையாளருக்கு நான்கைந்து நாள் ஊசி போட்டு, எலும்பு மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்களை ரத்த ஓட்டத்துக்கு வரவழைத்து, அஃபெரிசிஸ் இயந்திரம் அவற்றைப் பிரித்தெடுத்த பை எங்களிடம் வரும். அதிலிருந்து சிறு அளவு எடுத்து, சி.டி.34 என்ற அடையாளம் கொண்ட செல்கள் எத்தனை என்று செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் கணக்கிடும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் எண்ணுவோம்; நோயாளியின் எடையில் கிலோவுக்கு 20 லட்சம் செல்களாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நோயாளியின் சொந்த செல்களைப் பிறகு ஏற்றுவதற்காகப் பாதுகாப்பதென்றால், டி.எம்.எஸ்.ஓ. என்ற உறைகாப்புத் திரவத்தைச் சேர்த்து, நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் குளிரவைத்து, திரவ நைட்ரஜன் தொட்டிக்குள் இறக்குவோம். திரவ நைட்ரஜனின் வெப்பநிலை கழித்தல் 196 டிகிரி செல்சியஸ். ஒவ்வொரு படியையும் எழுத வேண்டும், இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். எங்கள் நேரத்தில் பாதி இந்தக் காகிதங்களுக்கே போகிறது என்று புதியவர்கள் முணுமுணுப்பார்கள். பெயர்ச்சீட்டு மாறினால் என்ன ஆகும் என்று ஒருமுறை யோசித்துப் பார்த்த பிறகு யாரும் முணுமுணுப்பதில்லை.

எங்கள் துறைத் தலைவி ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். புதிதாகச் சேர்பவர் யாராக இருந்தாலும், அவர் கையால் பதப்படுத்திய முதல் பை நோயாளிக்கு ஏற்றப்படும் நாளில் வார்டுக்குப் போய் நிற்க வேண்டும். நான் போன அன்று, சேலத்துப் பக்கமிருந்து வந்த ஒருவருக்கு, மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் உள்ளவர், அவருடைய செல்களையே திருப்பி ஏற்றினார்கள். படுக்கையருகே 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் பையை உருக்கி, ஆறப்போடாமல் உடனே ஏற்றுகையில் அறை முழுவதும் பூண்டு வாசம் அடித்தது, டி.எம்.எஸ்.ஓ. உடம்பிலிருந்து மூச்சுவழி வெளியேறும்போது வரும் வாசம் அது. புத்தகத்தில் எங்கோ ஒரு வரியாகப் படித்திருப்பேன், நினைவில் நிற்கவில்லை. அவருடைய மனைவி, "இவ்வளவுதானாம்மா?" என்று என்னிடம் கேட்டார். அதற்குப் பிறகுதான் கடினமான நாட்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. செல்கள் எலும்புக்குள் போய் ஊன்றி வெள்ளணுக்கள் ஏறுவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அதுவரை, செல்களை ஏற்றும் முன் கொடுத்த கடுமையான கீமோ மருந்தால் வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் விழுங்கக்கூட முடியாமல், காய்ச்சல் வந்தால் அடுத்த நிமிடமே மருந்து ஏற வேண்டிய நிலையில் நோயாளி இருப்பார்.

அந்த வாரங்களைக் கடத்துபவர்கள் செவிலியர்கள். கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு வருத்தம். பி.எஸ்சி. நர்சிங் முடித்தவருக்கு மாற்று சிகிச்சை வார்டு ஒரு தனிப் படிப்பு. மார்பில் பொருத்திய குழாயைத் தொற்றின்றிப் பராமரிப்பதும், கை கழுவாமல் உள்ளே வரும் உறவினரைப் பணிவாகத் தடுப்பதும் அங்கே ஒரே அளவு முக்கியம். ஒருங்கிணைப்பாளர் என்ற பணியும் உண்டு. உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் ஹெச்.எல்.ஏ. என்ற திசு அடையாளம் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான் என்பதை ஒரு தாய்க்குப் புரியும்படி சொல்வதும், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தையின் குடும்பத்துக்காக, பொதுத்துறை நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவின் உதவித் திட்டத்துக்கு விண்ணப்பம் எழுதுவதும் அவர் வேலை. அறிவியல் பட்டமும் தமிழில் தெளிவாகப் பேசும் திறமையும் ஒருசேர இருப்பவர்கள் இதற்குக் குறைவாகவே கிடைக்கிறார்கள்.

பயிற்சி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வார இறுதியில் இரண்டு நாள் நடத்தி 'ஸ்டெம் செல் தொழில்நுட்பச் சான்றிதழ்' தரும் வகுப்புகளுக்குப் பெற்றோர் பணம் கட்டுவதைப் பார்க்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பில்லை. புதியவரிடம், செல்லுக்குப் பதிலாக வெறும் ஊட்டத் திரவத்தைக் கொடுத்து, கிருமி புகாத வேலைப் பெட்டியான ஹூடுக்குள் வைத்து முழுச் செயல்முறையையும் செய்யச் சொல்லி, அந்தத் திரவத்தை இரண்டு வாரம் இன்குபேட்டரில் வைப்போம். அது கலங்கினால் கை சுத்தமில்லை என்று பொருள், மறுபடி முதலிலிருந்து. டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வகப் பட்டயப் படிப்பு படித்து ரத்த வங்கியில் ஓராண்டு இருந்த பிள்ளைகள் இதில் முதுகலைப் பட்டதாரிகளைவிடச் சீக்கிரம் தேறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கல்லூரிகள் கடைசிப் பருவத்தின் திட்டப்பணியை, வெளியில் காசு கொடுத்து எழுதி வாங்க விடாமல், மருத்துவமனை ரத்த வங்கிகளிலும் செல் ஆய்வகங்களிலும் ஆறு மாதம் செய்ய வைத்தால் இந்தக் குறை பெரிதும் தீரும்.

கடைசியாக, ஆசிரியர் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரை வெளியான பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்திலேயே, மூட்டு வலிக்கும் குழந்தைகளின் ஆட்டிசத்துக்கும் ஸ்டெம் செல் சிகிச்சை தருவதாக ஓர் அரைப்பக்க விளம்பரம் இருந்தது. ஆட்டிசத்துக்கு இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்திருக்கிறது. கட்டுரையைப் படித்துவிட்டு வேலை தேடும் மாணவர் முதலில் அழைக்கப்போகும் தொலைபேசி எண், அந்த விளம்பரத்தில் இருப்பதாகவே இருக்கக்கூடும். அந்த விளம்பரத்தை அடுத்த இதழில் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை.