வாசகர் வட்டம்: 2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டிஷ் அரசை எதிர்த்து ஆயுதம் தூக்கி, 2025 ஏப்ரலோடு 250 ஆண்டுகள் நிறைந்தன. அதையொட்டி இந்த ஆண்டு முழுவதும் ஒரே கேள்வியைப் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். தன் நாட்டுப் படை கடல் தாண்டிச் சண்டை போடும்போது, எதிரே நிற்பவர் பக்கம்தான் நியாயம் என்று நினைத்த சாதாரண பிரிட்டிஷ்காரர்கள் என்ன செய்தார்கள்? இங்கிலாந்தின் கடற்படைத் துறைமுகமான போர்ட்ஸ்மத்தில் வாழும் நமக்கு இதற்கான பதில் படகுத்துறைக்கு அந்தப் பக்கமே இருக்கிறது என்பது படிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

முதல் கூட்டத்தில் 1775ஆம் ஆண்டின் மனுக்களைப் பற்றிப் பேசினோம். அந்த ஆண்டின் பிற்பாதியில் பல ஊர்களிலிருந்து அரசருக்கு மனுக்கள் போயின. கிளர்ச்சியை அடக்குங்கள் என்று சில, சமாதானம் பேசுங்கள் என்று சில. ஒரே ஊரிலிருந்து இரண்டும் போனதுண்டு. சமாதானம் கேட்டுக் கையெழுத்துப் போட்டவர்களில் கடைக்காரர்களும் கைவினைஞர்களும் ஏராளம். ஆங்கிலிக்க திருச்சபையைச் சேராத கிறிஸ்தவர்களும் நிறையப் பேர். அந்தச் சபைகளில் ஒன்றின் போதகரான ரிச்சர்ட் பிரைஸ், அமெரிக்கர்களுக்கு ஆதரவாக 1776 பிப்ரவரியில் எழுதிய சிறுநூல் சில மாதங்களிலேயே பல்லாயிரம் பிரதிகள் விற்றது. வாங்கிப் படித்தவர்களும் இந்த நாட்டு மக்கள்தானே!

இரண்டாம் கூட்டம் விலை கொடுத்தவர்களைப் பற்றியது. போரின் முதல் சண்டை நடந்த லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் அரசப் படையால் கொல்லப்பட்டவர்களின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் 100 பவுண்டு அனுப்பத் தன் சங்கம் முடிவு செய்ததை அரசியல் சீர்திருத்தவாதி ஜான் ஹார்ன் 1775 ஜூனில் பத்திரிகைகளில் விளம்பரமாகவே போட்டார். கொலை என்ற சொல்லையே அதில் எழுதினார். அதற்காக அவர்மேல் போட்ட வழக்கு 1777 ஜூலை 4 அன்று விசாரணைக்கு வந்தது. பன்னிரண்டு மாதச் சிறை, 200 பவுண்டு அபராதம். கொடுத்த தொகையைப் போல இரண்டு மடங்கு! அப்புறம் கிரான்வில் ஷார்ப். அவர் படைத் தளவாட அலுவலகத்தில் குமாஸ்தா. அமெரிக்காவுக்கு ஆயுதம் அனுப்பும் வேலையில் கை வைக்க மனமில்லாமல் 1775ல் விடுப்பு எடுத்தார், பிறகு வேலையையே விட்டார். அவருடைய அண்ணன்மாரில் இருவர், உன்னை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று தைரியம் சொன்னார்கள். குடும்பஸ்தர்கள் நிறைந்த நம் வட்டத்தில் அதிக நேரம் பேசப்பட்டது அந்த அண்ணன்மாரைப் பற்றித்தான்.

இனி ஃபோர்டன் சிறை. இதைக் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

செப்டம்பரில் உறுப்பினர்கள் படகேறி, அந்தச் சிறை இருந்த காஸ்போர்ட் போனோம். 1777 மார்ச்சில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. குடியேற்றங்களில் ராஜதுரோகக் குற்றமோ கடற்கொள்ளைக் குற்றமோ சாட்டப்பட்டவர்களை ஜாமீனும் விசாரணையும் இல்லாமல் அடைத்து வைக்கலாம். கடலில் பிடிபட்ட அமெரிக்க மாலுமிகளைப் போர்க்கைதிகளாக ஏற்றுக்கொள்ளாமல் துரோகிகளாகவே வைத்திருந்தது அரசு. பிளிமத்தில் மில் சிறை, இங்கே ஃபோர்டன். பிரெஞ்சுக் கைதிக்கு நாளொன்றுக்கு ஒன்றரைப் பவுண்டு ரொட்டி என்றால் அமெரிக்கருக்கு ஒரு பவுண்டுதான். தப்பி ஓடி மாட்டிக்கொண்டால் அரைவயிற்றுச் சோற்றோடு நாற்பது நாள் இருட்டறை. ஓடியவனைப் பிடித்துக் கொடுத்தால் ஐந்து பவுண்டு பரிசு. ஐந்து பவுண்டு அன்றைக்குப் பெரிய பணம், ஏழை வீடுகள் நிறைந்த ஊர் இது. ஆசைப்பட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஊரில்தான் தாமஸ் ரென் இருந்தார். போர்ட்ஸ்மத் ஹை ஸ்ட்ரீட் சபையில் 1757லிருந்து 1787ல் இறக்கும்வரை போதகர். கைதிகள் வந்த நாளிலிருந்து அவர்களைப் போய்ப் பார்த்தார். உடுப்பு சேர்த்தார், பணம் திரட்டினார், அதைத் தன் கையாலேயே பங்கிட்டுக் கொடுத்தார். தப்பி வந்தவர்களுக்கு அவர் வீடு அடைக்கலமாக இருந்தது. இதெல்லாம் கடற்படையின் தலைவாசலில், ஊரே பார்க்க நடந்தது. 1777 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் லண்டனில் கூடியவர்கள் கைதிகளுக்காக நிதி திரட்டத் தொடங்கி, சில வாரங்களில் 3,700 பவுண்டுக்கும் மேல் சேர்த்தார்கள். அந்த நிதியின் உதவியும் ஃபோர்டனுக்கு வந்து சேர்ந்தது. போர் முடிந்ததும், பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் எடுத்துச் சொன்னதன் பேரில், அமெரிக்கக் காங்கிரஸ் 1783ல் ரென்னுக்கு நன்றித் தீர்மானம் நிறைவேற்றியது. இன்றைய பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அவருக்கு இறையியல் முனைவர் பட்டம் கொடுத்தது.

அவர் பிரசங்கம் செய்த கட்டடம் 1941 குண்டுவீச்சில் அழிந்துவிட்டது. அதே இடத்தில் கட்டப்பட்ட புதிய ஆலயத்தின் முன்னால் நின்றபோது நம் மூத்த உறுப்பினர் அம்மா ஒருவர், "சோறு கொண்டுபோய்க் கொடுத்தவரை அவ்வளவு தூரத்தில் இருந்தவர்கள் மறக்கவில்லை பாருங்கள்" என்றார். உறவினர் யாராவது சிறையில் இருந்து, அவருக்கு உணவுப் பொட்டலம் கொண்டு போனவர்கள் நம்மிலும் உண்டு. அன்று திரும்பும் படகில் யாரும் அதிகம் பேசவில்லை.

பொருளாளர் கேட்டுக்கொண்டபடி இன்னொன்றையும் பதிவு செய்கிறேன். பிராங்க்ளின் பாரிஸிலிருந்து இதே கைதிகளுக்கு அனுப்பிய பணத்தில் 400 பவுண்டுக்கு மேல் சுருட்டிக்கொண்டவர் தாமஸ் டிக்ஸ். அவர் மேரிலாந்துக்காரர், அதாவது அமெரிக்கர். அதன் பிறகு அந்தப் பொறுப்பை ஏற்றுக் கணக்கு பிசகாமல் செய்தவர் வில்லியம் ஹாட்ஜ்சன் என்ற லண்டன் வணிகர். பொதுப்பணத்தைக் கையாள்கிற எந்தச் சங்கமும் இந்த இரண்டு பெயரையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்க வேண்டும். நம் வரவு செலவைப் பொருளாளர் ரசீதுகளோடு தனியே வாசிப்பார்.

நவம்பர் கூட்டத்தில் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உறுப்பினர் ஒருவர் இந்தப் போரின் இன்னொரு முனையைக் காட்டினார். பிரான்ஸ் அமெரிக்கா பக்கம் சேர்ந்ததால் ஆங்கிலேயர் 1779ல் பிரெஞ்சுக்காரரின் மாஹேயைப் பிடித்தார்கள். அதில் கோபமடைந்த ஐதர் அலி படையெடுத்து வந்தார். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கும்பினிப் படை நொறுங்கியது. பென்சில்வேனியாக்காரர்கள் 1782ல் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஐதர் அலியின் பெயரையே வைத்திருந்தார்கள் என்றதும் கூட்டம் கைதட்டியது.

வழக்கமாகக் கூடும் அரங்கம் இரண்டு மாதம் கிடைக்கவில்லை. வீட்டில் இடம் கொடுத்து டீயும் வடையும் தந்த இரு குடும்பங்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பது, தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சாவளியினரான போயர்களோடு பிரிட்டன் நடத்திய போயர் போர். கார்ன்வாலில் பிறந்த எமிலி ஹாப்ஹவுஸ், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ராணுவம் போயர் பெண்களையும் குழந்தைகளையும் அடைத்து வைத்த முகாம்களைப் பார்த்து 1901ல் அறிக்கை வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் மறுபடி போனபோது கேப்டவுனில் அவரைக் கரையிறங்கவே விடவில்லை. முதல் கூட்டத்தில் அந்த அறிக்கையைப் பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். இரண்டு பக்கமாவது மொழிபெயர்க்க முன்வருகிறவர்கள் இன்றே என்னிடம் பெயர் கொடுக்கவும்.

அன்புடன்,
செயலாளர்