பொம்மியை எங்கும் அனுப்ப வேண்டாம்

அன்புள்ள கயலுக்கு,

உன் பூனை பொம்மியை எங்கேயும் கொண்டுபோய் விட வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை நிதானமாகப் படி. அத்தையிடம் எதிர்த்துப் பேசவும் வேண்டாம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வீட்டில் பூனை ஆகாது என்று அவர்கள் சொல்வதற்குப் பின்னால் உண்மையான நோய் ஒன்று இருக்கிறது. டாக்சோபிளாஸ்மா என்ற கிருமியால் வருவது அது. மாசமாக இருக்கும்போது முதன்முறையாகத் தொற்றினால் கரு கலையலாம், பிள்ளையின் கண்ணையும் மூளையையும் தாக்கலாம். ஆகவே அந்தப் பயம் பொய்யில்லை. பூனையிடமிருந்து அது எப்படி வருகிறது என்பதைத்தான் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறோம். முடியில் இல்லை, மூச்சில் இல்லை, மடியில் வந்து படுப்பதாலும் இல்லை. மலத்தில் மட்டும்தான்.

அதுவும் எப்போதும் கிடையாது. கிருமியுள்ள எலியையோ குருவியையோ பச்சைக் கறியையோ தின்ற பூனைக்கு முதல்முறை தொற்றும்போது, ஒன்று முதல் மூன்று வாரம் வரை மலத்தில் அதன் முட்டைகள் வெளியேறும். பெரும்பாலான பூனைகளுக்கு வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். வெளியே வந்த முட்டை உடனே தொற்றாது, பக்குவப்பட ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை ஆகும். இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைத்திருக்கும் பிடி. தினமும் மணல் தட்டைச் சுத்தம் செய்தால் கிருமி பக்குவப்படும் முன்பே வெளியே போய்விடுகிறது. பொம்மி வெளியே போவதில்லை, வேகவைத்ததும் கடைத்தீனியும்தான் தின்கிறாள். அவளுக்கு இப்போது புதிதாகத் தொற்ற வழியே குறைவு.

பிரசவம் வரை மணல் தட்டு மாப்பிள்ளையின் பொறுப்பு. நாளுக்கு ஒரு முறை அள்ளி, பையில் கட்டிக் குப்பையில் போடட்டும். வாரம் ஒரு முறை மணலை முழுதாகக் கொட்டிவிட்டு, சோப்பால் தேய்த்து, கொதிக்கும் தண்ணீரைத் தட்டு நிறைய ஊற்றிப் பத்து நிமிடம் விடட்டும். பிளீச்சிங் பவுடரும் டெட்டாலும் இந்த முட்டைகளை ஒன்றும் செய்யாது, சூடுதான் கொல்லும். பினாயில் மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலிருக்கும் பொருள்களைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. காலில் பட்டதை நக்கியே உடம்புக்குள் ஏற்றிக்கொள்ளும். போதாததற்கு, அந்த நெடிக்குத் தட்டையே வெறுத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் போகும். மாப்பிள்ளை ஊரில் இல்லாத நாளில் நீயே அள்ள வேண்டி வந்தால் கையுறை போட்டுக்கொள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு.

பால்கனியில் வைத்திருக்கும் தொட்டிச் செடிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாங்கி வந்த மண்ணில் எந்தத் தெருப்பூனை போயிருக்கிறதோ தெரியாது. ஈரமண்ணில் இந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மண்ணைக் கிளறும்போதும் கையுறை வேண்டும்.

இனி அடுக்களை. பூனையைத் தொடுவதைவிட இந்தக் கிருமி சாப்பாட்டு வழியாக வருவதுதான் அதிகம், அதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆட்டுக்கறியின் தசைக்குள்ளேயே அது இருக்கும். குக்கரில் வெந்த கறியில் பயமில்லை. கோலா உருண்டைக்கு அரைத்த பச்சைக் கறியை உப்புப் பார்க்க நாக்கில் வைப்பார்களே, அந்தப் பழக்கத்தை விட்டுவிடு. கறி நறுக்கிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்காதே, இரண்டு பலகை வைத்துக்கொள். கொத்தமல்லியையும் கீரையையும் மண் போக மூன்று தண்ணீர் அலசு. வெளியே சாப்பிடும்போது உள்ளே சிவப்பாக இருக்கும் கபாபைத் தொடாதே.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது வீட்டில் பூனை இருப்பதைச் சொல். ரத்தத்தில் ஐஜிஜி, ஐஜிஎம் என்று இரண்டு எதிர்ப்புப் பொருள்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஐஜிஜி மட்டும் இருந்தால் எப்போதோ வந்துபோன பழைய தொற்று, பொதுவாகப் பிள்ளைக்குப் பயமில்லை என்றே அர்த்தம். இரண்டுமே இல்லை என்றால் உனக்கு இதுவரை வந்ததில்லை, மேலே சொன்னதையெல்லாம் கூடுதல் கவனத்தோடு செய். ஐஜிஎம் இருந்தால் பதறாதே. பழைய தொற்றிலும் அது பல மாதம் தங்கும். எப்போது வந்தது என்று கணிக்க வேறு பரிசோதனை இருக்கிறது, புதிய தொற்றாகவே இருந்தாலும் மருந்து இருக்கிறது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு நீயாக முடிவெடுக்காமல் டாக்டரிடம் கேள்.

பூனை முடி வயிற்றுக்குள் போனால் குடலில் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். தப்பித்தவறி விழுங்கின முடி மலத்தோடு போய்விடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பூனையால் இழுப்பு வருவது உண்மைதான். அதற்குக் காரணம் பூனையின் எச்சிலிலும் தோல் எண்ணெயிலும் இருக்கும் ஒரு புரதம். நக்கி நக்கி அதை முடியில் பூசிக்கொள்கிறது, காய்ந்ததும் தூசியாகப் பறக்கிறது. முடியை மழித்தாலும் அது போகாது. படுக்கையறைக் கதவைச் சாத்திவைப்பதும், வாரம் ஒரு முறை விரிப்புகளை வெந்நீரில் துவைப்பதும்தான் பலன் தரும். அத்தைக்கு இழுப்பு உண்டு என்பதால் அவர்கள் வந்து தங்கும் அறைக்குள் பொம்மியை இப்போதிலிருந்தே விடாதே.

இவ்வளவுக்கும் பயப்படுகிறவர்கள் உண்மையில் பயப்பட வேண்டியதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம். வெறிநோய் நாயிடமிருந்து மட்டும்தான் வரும் என்றே பலர் நினைக்கிறார்கள். பூனைக்கடியிலும் வரும், அது வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. பொம்மிக்கு ஆண்டு ஊசி தவறக் கூடாது, அட்டையை எடுத்துத் தேதியைப் பார். படிக்கட்டில் தெருப்பூனை ஏதாவது கடித்தாலோ ரத்தம் வரப் பிறாண்டினாலோ, குழாயைத் திறந்துவிட்டு ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவு. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவு, இரண்டு நிமிடத்தில் பதினைந்து ஆகிவிட்டதாகத் தோன்றும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதே, கட்டும் போடாதே. அன்றைக்கே ஊசி. அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள் 0 என்று கணக்கிட்டு 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போடுவார்கள். கையில்தான், தொப்புளைச் சுற்றிப் போட்ட காலம் போய்விட்டது. ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே போடும் இன்னொரு மருந்தும் வேண்டும், கேட்டு வாங்கிக்கொள். மாசமாக இருப்பது இந்த ஊசிக்குத் தடையே இல்லை.

இன்னொன்று, மனுஷ மருந்து. பொம்மிக்கு உடம்பு சுட்டால் பாராசிட்டமால் துண்டுகூடக் கொடுத்துவிடாதே. ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதை முறிக்கும் நொதி அதன் ஈரலில் போதுமான அளவு கிடையாது. சில மணி நேரத்தில் ஈறு நீலமும் பழுப்புமாக மாறும், முகம் வீங்கும். நாய்க்கு விற்கும் உண்ணி மருந்தும் அப்படியே, அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்துவிடும்.

பாலும் சோறும் வைத்தால் போதும் என்று அத்தை வைக்கப்போனால் பக்குவமாகச் சொல். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். தயிர்சோறாகவே போட்டால் வேறு கேடு. டாரின் என்ற சத்து கறியிலும் மீனிலும்தான் கிடைக்கிறது. அது பல மாதம் கிடைக்காவிட்டால் கண்ணின் விழித்திரை கெடும், இதயம் தளரும். கோழியை வேகவைத்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் அதோடு சேர்த்து வை, சத்து அதில் இறங்கியிருக்கும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு வேண்டாம், அதன் ரத்த அணுக்களை அது உடைக்கும்.

பிள்ளை பிறப்பதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. மணல் தட்டை நகர்த்த வேண்டுமானால் இப்போதே ஆரம்பித்து, நாளுக்கு ஓரிரு அடியாக நகர்த்து. தூளி கட்டப்போகும் அறைக்குக் கம்பிவலைக் கதவு போடச் சொல். பூனை பிள்ளையின் உயிரை உறிஞ்சாது. ஆனால் சூடான இடம் தேடிப் பக்கத்தில் படுக்கும், கழுத்து நிற்காத பிள்ளைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தெரியாது. ஆள் இல்லாத நேரம் அந்தக் கதவு மூடியிருக்க வேண்டும். பொம்மியின் நகத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நுனி மட்டும் வெட்டு, உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் இடத்தைத் தொடாமல்.

நாலாவது மாடி பால்கனிக்கு வலை அடித்தாயிற்றா? பூனை விழுந்தாலும் காலில்தான் நிற்கும் என்று அலட்சியமாக இருக்காதே. காலில் இறங்கினாலும் தாடையும் மார்பும் அடிபடும். புறாவுக்கு அடிக்கும் நைலான் வலையைக் கடித்து ஓட்டை போட்டுவிடும், எஃகுக் கம்பிவலை அடி.

ரத்தப் பரிசோதனைத் தாள் வந்ததும் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா