நாளைய ஓட்டம் நம் நேரத்தில் எத்தனை மணிக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், இரவு வேலை பார்ப்பவன் நான். 2026 ஜூலை 23 ஆம் திகதி கிளாஸ்கோவில் பொதுநலவாய விளையாட்டு விழாவும், செப்டெம்பர் 19 ஆம் திகதி ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசிய விளையாட்டு விழாவும் தொடங்கவிருக்கின்றன. விழா வந்த பிறகு எழுதினால் நீங்களும் அவசரத்தில் இருப்பீர்கள். அதனால் இப்போதே ஒரு வேண்டுகோள். பதக்கப் பட்டியலுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியை எங்களுக்குத் தாருங்கள். நாளைக்கு இலங்கையர் யார், எந்தப் போட்டியில், இலங்கை நேரப்படி எத்தனை மணிக்கு என்று அதில் ஒரு சின்னக் கட்டம் போட்டால் போதும்.

ஏன் கேட்கிறேன் என்றால், உங்கள் பத்திரிகை எங்கள் தோட்டத்துக் கடைக்கு வந்து சேரப் பத்து மணி தாண்டிவிடும். மழை பிடித்துக்கொண்டால் பகல் சாப்பாட்டு நேரம். அதற்குள் யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்று போனில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடுகிறது. முடிவைச் சொல்வதில் போனோடு நீங்கள் போட்டி போட முடியாது. ஆனால் அடுத்த நாள் எதற்காகக் கண் விழிக்க வேண்டும் என்பதைப் போன் தமிழில் ஒழுங்காகச் சொல்வதில்லை. சொன்னாலும் விழா நடக்கும் ஊர் நேரத்தில்தான் சொல்கிறது, 2024 ஒலிம்பிக்கில் பாரிஸ் நேரத்தில் சொன்னது. மூன்றரை மணித்தியாலத்தைக் கூட்டிப் பார்த்து, திகதி மாறுகிறதா என்று விரல் விட்டு எண்ணி முடிப்பதற்குள் ஓட்டமே முடிந்துவிடும். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒருவர் அப்படித்தான் ஒரு நாள் பிந்தி அலாரம் வைத்து எழும்பினார்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் எங்கள் இரவு வேலைக்கென்றே வைத்த மாதிரி வந்தது. கொழுந்து மாடியில் வாடிக்கொண்டிருக்கும். பதம் பார்த்து ரோலருக்கு இறக்க விடியற்காலை ஆகும். அதுவரை காற்றாடிச் சத்தம்தான், வேலை கொஞ்சம். ஸ்டோருக்குள் சிக்னல் கிடையாது. வாட்டும் மாடியில் ஒரு ஜன்னலோரம் மட்டும் இரண்டு கோடு வரும். அங்கே ஒரு போனைச் சாய்த்து வைத்து ஆறேழு பேர் நிற்போம். வேலை நேரத்தில் போன் பார்க்கக் கூடாது என்பது சட்டம். காவலுக்கு நிற்கும் வாச்சரும் எங்களோடு நின்று பார்த்ததால் யாரும் கோள் சொல்லவில்லை. வர்ணனை ஆங்கிலத்தில் வந்தால் ஏ.எல். படித்த தம்பி சொல்லுவான், சிங்களத்தில் வந்தால் வாச்சர் சொல்லுவார். தமிழில் சொல்ல ஆளில்லாததால் வர்ணனையை நாங்களே செய்துகொண்டோம்.

ஆண்கள் 100 மீற்றர் இறுதி நமக்கு ஓகஸ்ட் 5 ஆம் திகதி அதிகாலை ஒன்றேகால் தாண்டித்தான் நடந்தது. அமெரிக்காவின் நோவா லைல்ஸ், ஜமைக்காவின் கிஷேன் தொம்சன் இருவருக்கும் 9.79 செக்கன். இருவருக்கும் ஒரே நேரமென்றால் தங்கம் யாருக்கு? பெரிய சண்டையே வந்துவிட்டது. ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்த்து, 9.784 என்று லைல்ஸுக்கும் 9.789 என்று தொம்சனுக்கும் பிரித்தார்கள். டிரையரில் நிற்கும் மாமா கேட்டார்: "கொழுந்து ஒரு கிலோ குறைஞ்சா நமக்கு அரைப் பேரு, பாதி நாள் சம்பளம்தான் போடுறாங்க. இவனுக்கு எவ்வளவு குறைஞ்சுதாம்?" ஆயிரத்தில் ஐந்து பங்கு செக்கன் என்றேன். "அதை எந்தத் தராசுல நிறுத்தாங்க?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. படத்தை நிறுத்திப் பார்த்தால் தொம்சனின் கால்தான் முன்னால் இருந்தது. மாமா அதைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய விடவில்லை. காலும் தலையும் கணக்கில்லை, உடம்புதான் கோட்டைத் தொட வேண்டும் என்ற விதியை அப்புறம் பாடசாலை சேர் ஒருவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். இதை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் நான்கு வரியில் எழுதியிருந்தால் ஸ்டோரில் சண்டை ஒரே நாளில் தீர்ந்திருக்கும். தீர்ந்திருந்தால் அவ்வளவு சுவையாக இருந்திருக்காது என்பதும் உண்மைதான்.

அதே இரவு, 100 மீற்றருக்குச் சில மணித்தியாலம் முன்னால், நம் அருண தர்ஷன 400 மீற்றர் முதற்சுற்றில் 44.99 செக்கனில் ஓடி அரையிறுதிக்குப் போனார். அந்த ஓட்டத்தை எங்கள் தோட்டத்தில் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? மாடியில் நின்ற நாங்கள் மட்டும்தான், அதுவும் வேறு எதற்கோ போனைத் திறந்து தற்செயலாகப் பார்த்தோம். எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியாது. 100 மீற்றர் இறுதி என்றைக்கு என்பது உலகத்துக்கே தெரியும், நம் ஊர்ப் பையன் ஓடுவது நமக்குத் தெரியாது. என் மனவருத்தம் இதில்தான்.

இரண்டு நாள் கழித்து நடந்த அரையிறுதிக்கு எல்லோரும் காத்திருந்து பார்த்தோம். ஓடி முடித்த பிறகு பெயருக்கு நேரே தகுதி நீக்கம் என்று வந்தது. ஏன்? ஊக்க மருந்தாக இருக்கும் என்று ஒருவர் சொல்லிவிட, மறுநாள் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் வரைக்கும் அந்தப் பேச்சுப் போய்விட்டது. பாவம், அவர் செய்தது தன் ஓடுபாதையின் கோட்டை மீறியது மட்டும்தான். மறுநாள் வந்த பத்திரிகைகளில் நான் பார்த்தவரை "தகுதி நீக்கம் செய்யப்பட்டார்" என்பதோடு செய்தி முடிந்துவிட்டது. கோட்டை மீறினால் என்ன குற்றம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். சரி என்று ஸ்டோரில் சிந்திக்கிடந்த தூளைக் கூட்டி, மாமா தரையில் ஒரு மைதானமே வரைந்துவிட்டார். வளைவில் உள்பக்கம் போகப் போகச் சுற்றும் தூரம் குறையும். ஒரு பாதைக்கும் அடுத்த பாதைக்கும் ஒரு சுற்றில் ஏழு மீற்றருக்கு மேல் வித்தியாசம் வரும். அதனால்தான் வெளிப் பாதையில் ஓடுபவரை முன்னால் நிறுத்தித் தொடங்குகிறார்கள், அதனால்தான் வளைவில் உள்கோட்டைத் தாண்டக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒரு மனிதரின் பெயரில் ஊக்க மருந்துப் பழி எங்கள் மலையில் பல நாள் சுற்றிக்கொண்டிருந்தது.

பாரிஸில் முதல்முறையாக 200 மீற்றரிலிருந்து 1500 மீற்றர் வரையான ஓட்டங்களிலும் தடை ஓட்டங்களிலும் தோற்றவர்களுக்கு ஒரு மறுவாய்ப்புச் சுற்று வைத்தார்கள். அதுவும் தெரியாமல், நேற்றுத் தோற்றவர் இன்றைக்கு எப்படி ஓடுகிறார், இது பழைய வீடியோ என்று போனையே அணைத்துவிட்டோம்.

இப்போது வரப்போகும் விழாக்களைப் பாருங்கள். கிளாஸ்கோ நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால். அங்கே மாலை ஏழு மணி என்றால் நமக்கு இரவு பதினொன்றரை. எங்களைப் போல ஸ்டோரில் நிற்பவர்களுக்கு அது தோது. இந்த முறை பத்து விளையாட்டுகள்தான். கிரிக்கெட் இல்லை, பட்மிண்டன் இல்லை, ஆனால் ஓட்டம், பாய்தல், எறிதல் என்ற மெய்வல்லுநர் உண்டு. 2022 இல் பர்மிங்ஹாம் பொதுநலவாய விழாவில் நம் யுபுன் அபேகோன் 100 மீற்றரை 10.14 செக்கனில் ஓடி வெண்கலம் எடுத்தார். வெள்ளி எடுத்த தென்னாபிரிக்கருக்கு 10.13. அதற்கு முந்திய மாதம்தான் யுபுன் சுவிட்சர்லாந்தில் ஓர் ஊரில் 9.96 ஓடி, 10 செக்கனுக்குள் வந்த முதல் தெற்காசியர் ஆனார். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் ஆயிரம் மீற்றர் உயரம், காற்று லேசாக இருப்பதால் குறுந்தூர ஓட்டத்துக்கு நல்லது என்று நான் பிள்ளைகளிடம் சொன்னேன். நுவரெலியா அதைவிட உயரமாயிற்றே, அப்போது நாம் ஏன் வேகமாக ஓடவில்லை என்று என் மகள் கேட்டாள். ஓடுவதற்கு இங்கே சமமான நிலம் எங்கே இருக்கிறது? எங்கள் பாடசாலை மைதானத்தில் 100 மீற்றர் போட்டி வைத்தால் ஒரு முனை மேட்டில், ஒரு முனை பள்ளத்தில். இறக்கத்தில் ஓடவிட்டால் எல்லாப் பிள்ளைக்கும் உலக சாதனைதான்.

நகோயா நேர்மாறு. ஜப்பான் நமக்கு மூன்றரை மணித்தியாலம் முன்னால் போகிறது. அங்கே இரவு ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் நடப்பது நமக்குப் பின்னேரம் மூன்றரைக்கும் ஐந்தரைக்கும் இடையில். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருப்பேன், ஆனால் தோட்டத்துப் பெண்கள் பாதிப் பேர் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசையில் நிற்பார்கள். 2028 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் வந்தால் இன்னும் வேடிக்கை. அங்கே முதல் நாள் மாலை ஏழு மணி என்பது இங்கே மறுநாள் காலை ஏழரை. வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டு முடிந்து எல்லோரும் மலைக்கு ஏறிய பிறகுதான் ஓட்டமே தொடங்கும். அதில் கிரிக்கெட்டும் இருக்கிறது, ஆறே ஆறு அணிகள். அந்த ஆறில் நாம் இருப்போமா என்பது வேறு கதை. ஒவ்வொரு விழாவுக்கும் பார்க்க முடிந்த ஆட்கள் மாறுகிறார்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

பெண்கள் பார்க்க மாட்டார்கள், அவர்களுக்கு சீரியல்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023 ஒக்டோபர் 4 ஆம் திகதி ஹங்சூ ஆசிய விழாவில் தருஷி கருணாரத்ன 800 மீற்றரில் தங்கம் எடுத்தார். நேரம் 2 நிமிடம் 03.20 செக்கன், இரண்டாவது இந்தியாவின் ஹர்மிலன் பெயின்ஸ். ஆசிய விழா மெய்வல்லுநரில் 2002 க்குப் பிறகு இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. பதினெட்டு வயதுப் பிள்ளை, படித்தது கண்டி மாவட்டத்து வலல ரத்னாயக்க மத்திய கல்லூரியில். அந்த வீடியோவை எங்கள் லயத்து அக்காமார் அன்று இரவு எத்தனை முறை போட்டுப் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. "நம்ம மலைநாட்டுப் புள்ள" என்றுதான் பேச்சு. சிங்களப் பிள்ளையா தமிழ்ப் பிள்ளையா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓடும்போதே பார்த்திருக்கலாமே என்பதுதான் எல்லோருக்கும் குறை. அதே பிள்ளை பாரிஸில் முன்னேற முடியாமல் போனபோது அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை, எழுதவும் இல்லை. தோற்றவருடைய ஓட்டத்தையும் கொஞ்சம் எழுதுங்கள் ஐயா.

ஜப்பான் என்று சொன்னால் எங்கள் லயத்துப் பெரியவர் ஒருவர் உடனே 1964 க்குப் போய்விடுவார். டோக்கியோ ஒலிம்பிக் 10,000 மீற்றரில் எல்லோரும் முடித்த பிறகும் தனியாகச் சுற்றிச் சுற்றி ஓடி முடித்த நம் கருணானந்த, 67 ஆம் இலக்கம். முதலில் கேலி செய்த கூட்டம் கடைசியில் எழுந்து கைதட்டியது. அந்தக் கதையை ஜப்பான் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படித்தார்களாம். அதற்கும் முன்னால், 1958 இல் அதே டோக்கியோவில் ஆசிய விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் எடுத்தார் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். ஆசிய விழாக்களில் இலங்கையின் முதல் தங்கம் அதுதான். நகோயா விழாவுக்கு முன்னால் இந்த இரண்டு பேரையும் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதினால் எங்கள் பிள்ளைகள் வெட்டி ஒட்டி வைப்பார்கள்.

இன்னொன்று. ஒலிம்பிக்கில் நமக்கு இதுவரை இரண்டு பதக்கம், 1948 இல் டங்கன் வைட், 2000 இல் சுசந்திகா. இது எல்லோருக்கும் தெரியும். தங்கம் எடுத்தவர் யார் என்று கேட்டால் முழிக்கிறார்கள். 2021 இல் மாற்றுத்திறனாளிகளுக்கான டோக்கியோ பராலிம்பிக்கில் ஈட்டி எறிதலில் 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையோடு தங்கம் எடுத்தார் தினேஷ் பிரியந்த ஹேரத். சமித்த துலான் கொடிதுவக்கு அதே டோக்கியோவில் வெண்கலமும் பாரிஸில் வெள்ளியும் எடுத்தார். தமிழ்நாட்டில் சேலம் பக்கத்து மாரியப்பன் தங்கவேலு ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பராலிம்பிக்கிலும் உயரம் பாய்தலில் பதக்கம் எடுத்ததைக்கூட நாங்கள் இந்திய சேனலில்தான் பார்த்தோம். ரோலரில் கை போனவர்கள், காட்டு வேலையில் கால் போனவர்கள் தோட்டத்துக்கு ஒருவராவது இருக்கிறார்கள். ஒக்டோபரில் நகோயாவிலேயே ஆசிய பரா விளையாட்டு விழாவும் நடக்கவிருக்கிறது. உங்கள் கட்டத்தை ஆசிய விழாவோடு எடுத்துவிடாமல் அதுவரைக்கும் வைத்திருங்கள்.

இடமில்லை என்று சொல்வீர்கள். கிரிக்கெட்டில் ஒரு வீரருடைய பெருவிரல் காயத்துக்கு மூன்று பத்தி எழுத இடமிருக்கிறது, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பதக்கப் பட்டியலில் முதல் பத்து நாடுகளைப் போடுகிறீர்கள். அந்தப் பத்தில் இப்போதெல்லாம் நாம் எங்கே இருக்கிறோம்?

கடைசியாக ஒன்று, இது லயத்து அக்காமார் சொல்லி எழுதச் சொன்னது. நகோயாவில் பெண்கள் 800 மீற்றர் இறுதி எந்த நாள், நம் நேரத்தில் எத்தனை மணி என்பதை இரண்டு நாள் முன்னதாகவே போட்டுவிடுங்கள். நம்மில் யார் ஓடினாலும் சரி. முந்தின நாள் போட்டால் பத்திரிகை கைக்கு வரும்போது நேரம் போதாது. அன்றைக்கு மட்டும் அந்திக் கொழுந்தைக் கொஞ்சம் முன்னதாக நிறுக்கச் சொல்லிக் கணக்கப்பிள்ளையிடம் கேட்க வேண்டும், அவர் தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்க வேண்டும். அதற்கு ஒரு நாளாவது வேண்டும்.

இப்படிக்கு,
ஸ்டோர் தொழிலாளி ஒருவர்,
தலவாக்கலை.